பேணலும் காட்சியும்: ஆரியசாலைத் தமிழ் இல்லங்களின் நினைவுப்பொருள்களை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

மறைந்த முன்னோர் கையாண்ட பொருளை என்ன செய்வது என்னும் வினா எல்லாக் குடும்பங்களிலும் ஒருமுறையேனும் எழுகிறது. பாட்டி பயணத்தில் தண்ணீர் கொண்டுசென்ற கூஜா, தாத்தாவின் வெற்றிலைச் செல்லம், தாய்வீட்டுச் சீராக வந்த வெண்கலப்பானை, தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதிய ஒருவர் ஊர் திரும்புகையில் கொண்டுவந்த பீங்கான் தேநீர்க் கெண்டி முதலியவற்றைத் தொடர்ந்து புழங்கலாம், கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், எடைக்கும் போடலாம். இவற்றுள் எது அப்பொருளுக்கு உரியவராய் இருந்தவரை மதிக்கும் செயல் என்பது பெரும்பாலும் அவரவர் உணர்ச்சிக்கு விடப்படுகிறது. ஆயினும் கடமை, உரிமை, உழைப்பு ஆகிய மூன்றும் இதனுள் பின்னிக்கிடப்பதால் இதனை அறவியல் வினாவாகக் கொள்வதே பொருந்தும். திருவனந்தபுரம் ஆரியசாலைப் பகுதியைக் களமாகவும் சங்கப் பாடல்கள் சிலவற்றைத் துணையாகவும் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆரியசாலையும் பாத்திரமும்

கிழக்குக்கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைத்தெருவில் ஆரியசாலை அமைந்துள்ளது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் வளர்த்தெடுத்த வணிகத்தெரு இது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வந்த தமிழ் வணிகர் தலைமுறை தலைமுறையாக இங்குத் தொழில் நடத்தியுள்ளனர். மளிகை, துணி, வெற்றிலை, இரும்பு ஆகியவற்றோடு பாத்திர வணிகமும் இத்தெருவின் அடையாளமாகும். தமிழ்ப் புனைகதைக்குக் ‘கடைத்தெருக் கதைகள்’ என்னும் தொகுதியைத் தந்த ஆ. மாதவன் (1934–2021) சாலைத்தெருவில் பாத்திரக்கடை நடத்திக்கொண்டே எழுதியவர் என்பது தமிழ் வாசகர் அறிந்த செய்தி. கடைத்தெருவின் மனிதர்களை எடைபோடாமல் எழுதியவர், பகல் முழுதும் தராசின் அருகே அமர்ந்திருந்தவர்.

தராசு என்னும் கருவி இங்குச் சற்று நின்று நோக்கத்தக்கது. பழைய பித்தளையைக் கொடுத்துப் புதிய பாத்திரம் வாங்கும் வழக்கம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நெடுநாளையது. எவர்சில்வர் பரவலான 1960, 70களுக்குப் பின் அவ்வழக்கம் பெருகியது. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைக்கு ஒரு விலை. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலத்திற்கு வேறொரு விலை. பாத்திரத்தின் விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும் பெயருக்கு எந்த விலையும் இல்லை. ஒரு பெண் முப்பது ஆண்டுகள் சோறு வடித்த பானையும், வாங்கிய நாள்முதல் பரணில் கிடந்த பானையும் ஒரே எடையாயின் ஒரே தொகையைப் பெறும். பயன்மதிப்பு, பரிமாற்று மதிப்பு என்று பொருளியலார் பகுக்கும் இரண்டினுள்ளும் அடங்காத ஒன்று அப்பெயரில் இருக்கிறது என்று கருதுபவரே பானையை விற்காமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருகின்றனர். திரும்பி வந்த பானை அடுக்களைக்குச் செல்வதில்லை; முன்னறைக் கண்ணாடி அலமாரிக்குச் செல்கிறது. கடையில் மறுக்கப்பட்ட மதிப்பை வீட்டில் கொடுத்துவிட்டதாக மனம் அமைதியுறுகிறது. அந்த அமைதி நியாயமானதா என்பதே வினா.

சங்கப் பாடல்கள் காட்டும் இருநிலை

காட்சிக்கு வைக்கப்பட்ட பொருளையும் புழக்கத்தில் தேய்ந்த பொருளையும் நேருக்கு நேர் நிறுத்திய மிகப் பழைய தமிழ்ச் சான்று புறநானூற்றின் 95ஆம் பாடலாகும். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு அம்மன்னன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் இருக்கின்றன இங்குள்ள கருவிகள் என்று ஔவையார் புகழ்வதுபோல் கூறுகிறார். அதியமானுடைய கருவிகளோ நுனி முறிந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன என்று பழிப்பதுபோல் கூறுகிறார். பாடாண் திணையில் வாண்மங்கலம் என்னும் துறையில் அமைந்த இப்பாடலின் வஞ்சப்புகழ்ச்சியை உரையாசிரியர் பலரும் விளக்கியுள்ளனர். போர்க்கருவிகளைப் பற்றிய பாடலை வீட்டுப் பாத்திரத்திற்குப் பொருத்துதல் தகுமா என்னும் ஐயம் எழலாம். பாடலின் அரசியலை ஒதுக்கிவிட்டு அதன் அளவுகோலை மட்டும் கொண்டால் பொருத்தம் புலப்படும். பொருளின் தூய்மை அது ஆற்றிய பணிக்குச் சான்றாவதில்லை. அதன் முறிவும் தேய்வுமே சான்றாகின்றன. பழுதுபார்க்கும் இடத்தில் கிடப்பதை இழிவெனக் கொள்ளாத பார்வை இது. அடிப்பிடித்துக் கறுத்த பானையைப் புளியிட்டுத் தேய்த்து, மெருகெண்ணெய் பூசி அலமாரியில் ஏற்றும்போது அழிக்கப்படுவது எது என்று ஔவையாரின் பாடல் கேட்கவைக்கிறது.

நடுகல் வழிபாட்டின் படிநிலைகளையும் இங்கு நினைவுகூரலாம். தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் ஆறு நிலைகளுள் முதலாவது காட்சி. அது கல்லைத் தேர்ந்து காணுதலைக் குறிக்கும். அதன்பின்னரே கல்லைக் கொணர்தலும் நீர்ப்படுத்தலும் நடுதலும் வாழ்த்துதலும் தொடர்கின்றன. அதாவது கண்டவர்க்குச் செய்கடன்கள் உண்டாகின்றன. நடுகல்லுக்குக் காட்சி தொடக்கமாக இருக்க, இற்றை இல்லத்து நினைவுப்பொருளுக்குக் காட்சி பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியபின் அப்பொருளின்பொருட்டு எவரும் எதுவும் செய்யவேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்வைப் புறநானூற்றின் 50ஆம் பாடல் காட்டுகிறது. வீரமுரசு நீராட்டுக்காக எடுத்துச் செல்லப்பட்டிருந்த வேளையில், அறியாமல் முரசுகட்டிலில் ஏறி உறங்கிவிட்டார் மோசிகீரனார். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அவரை வாளால் வெட்டாமல், அவர் விழிக்கும்வரை கவரி வீசிநின்றான். முரசு அரசகுலத்தின் தலையாய புனிதப்பொருள். அதன் இருக்கையும் அவ்வாறே. எனினும் களைத்துவந்த மனிதன் அதன்மேல் படுத்தபோது பொருளின் புனிதம் மனிதனுக்கு வழிவிட்டது. குழந்தையின் கைபட்டு நினைவுப்பொருள் உடைந்துவிட்டதற்காகக் குழந்தையை அடிக்கும் வீடுகள் உள்ளவரை இப்பாடலுக்கு வேலை இருக்கிறது. பேணுதல் என்பது பொருளுக்குச் செய்யப்படும் தொண்டு எனினும், மனிதருக்குச் செய்யவேண்டியதற்கு மேலாக அது நிற்க முடியாது என்னும் வரையறையைச் சேரமானின் கவரி தருகிறது.

தேய்ப்பவர் யார்?

பயன்பாடே உண்மையான பேணல் என்னும் முடிவுக்கு இவ்விடத்தில் விரைந்துவிடலாம். அது எளிய முடிவு; எழுத மேசைமுன் அமர்ந்திருப்பவர்க்கு மிக எளியது. பித்தளைப் பாத்திரத்தில் புளிப்பான உணவைச் சமைக்க வேண்டுமாயின் உட்புறம் ஈயம் பூசியிருக்க வேண்டும். பூச்சுத் தேய்ந்தால் மீண்டும் பூச வேண்டும். தெருவில் துருத்தியோடு வந்து ஈயம் பூசுவோரைக் காண்பது இன்று அரிது. புறத்தை நாள்தோறும் புளியும் சாம்பலும் கொண்டு தேய்க்க வேண்டும். வெண்கலப்பானையை வடிதட்டோடு சாய்த்துக் கஞ்சி வடிப்பதற்கு மணிக்கட்டில் வலு வேண்டும். ஈயச்சொம்புக்கு வேறு வகைக் கவனம் தேவை. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகுவது. உள்ளே ரசம் இருக்கும்வரை அது அடுப்பில் நிற்கும், வற்றினால் சொம்பே உருகி ஒழுகிவிடும். இவ்வளவையும் செய்தவர்கள், ஒருசில வீடுகள் நீங்கலாக, பெண்களே. ஆகவே எவர்சில்வரும் அலுமினியமும் பிரஷர் குக்கரும் வந்தபோது பழம்பாத்திரம் பரணுக்கும் எடைக்கும் சென்றதை மரபின் வீழ்ச்சி என்று மட்டும் எழுதுவது ஒருதலையானது. அது பல்லாயிரம் மணிக்கட்டுகளின் விடுதலையும் ஆகும்.

வால்டர் பெஞ்சமின் (1892–1940) என்னும் செருமானியச் சிந்தனையாளர், பொருள்களைச் சேகரிப்பவன் அவற்றைப் பயன்படவேண்டிய சுமையிலிருந்து விடுவிக்கிறான் என்று கருதினார். பொருளைப் பற்றிய அவருடைய கூற்றைத் தமிழ் அடுக்களைக்குக் கொண்டுவரும்போது அது புரண்டுவிடுகிறது. இங்கு அலமாரிக்குச் சென்றதால் விடுபட்டது பானை மட்டும் அன்று. அதனைத் தூக்கிய பெண்ணும்தான். தன் தாய் நாள்தோறும் தேய்த்த பானையை இனி எவரும் தேய்க்கவேண்டாம் என்று கண்ணாடிக்குள் வைக்கும் மகளின் செயலைக் கடமை தவறுதலாக எவ்வாறு கருத இயலும்? அவள் தாய்க்கு ஓய்வு அளித்திருக்கிறாள் என்றே கொள்ளலாம், காலம் கடந்த ஓய்வாயினும்.

இவ்வாதத்தின் வலுவை ஏற்றுக்கொண்டபின்னும் ஒரு நெருடல் எஞ்சுகிறது. கண்ணாடிக்குள் ஒளிரும் பானையைக் காணும் விருந்தினரிடம் ‘எங்கள் பாட்டியின் பானை’ என்று பெருமிதத்தோடு கூறப்படும். பாட்டியின் கையில் இருந்த காய்ப்பு கூறப்படுவதில்லை. உழைப்பின் கருவியாய் இருந்தது குடும்பப் பெருமையின் அணியாக மாறும்போது, உழைப்பைத் தவிர ஏனையவை அனைத்தும் நினைவில் தங்குகின்றன. பானையைப் புழங்காமையில் குறையில்லை. அதனைப் புழங்கியவர் பட்டதைச் சொல்லாமையில் குறை இருக்கிறது. ஆகவே புழக்கமா காட்சியா என்னும் எதிர்நிலை வினாவையே சற்று மாற்றியமைக்க வேண்டியுள்ளது: இப்பொருள் தன்னை வைத்திருப்பவரிடம் இன்னும் எதையேனும் கோருகிறதா? கோரிக்கை இருக்கும்வரை அது நினைவுப்பொருள். இல்லையேல் வீட்டு அலங்காரம். அலங்காரம் குற்றமன்று, ஆனால் அதனை நன்றிக்கடன் என்னும் பெயரால் அழைத்தல் பொருந்தாது.

ஏடு தந்த பாடம்

தமிழ் ஆய்வுலகம் இதனை மிகக் கசப்பான முறையில் கற்றிருக்கிறது. முன்னோர் வைத்துச்சென்ற ஓலைச்சுவடிகளை எத்தனையோ குடும்பங்கள் போற்றின. சரசுவதி பூசையன்று அடுக்கி, சந்தனமும் குங்குமமும் இட்டன. பிரித்துப் படிக்கவில்லை, பெயர்த்தெழுதவும் இல்லை. ஓலை தானாக நிலைப்பதன்று. எண்ணெய் பூசி, தூசு தட்டி, நைந்துபோகும்முன் புதிய ஓலையில் படியெடுக்கவேண்டிய பொருள் அது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழுதுற்ற சுவடிகள் தீக்கு இரையாக்கப்பட்ட செய்தியை உ. வே. சாமிநாதையர் (1855–1942) துயரத்தோடு பதிவு செய்துள்ளார். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்டவையும் உண்டு. அவற்றை அழித்தவர் பகைவர் அல்லர். புனிதமெனக் கருதியவரே சடங்காக அழித்தனர். இன்று சங்க இலக்கியம் கைக்குக் கிடைப்பது, ஏட்டை வணங்கியதோடு நில்லாமல் அதன் எழுத்தைத் தம் கையால் மீண்டும் எழுதிய பெயர் தெரியாத பலரால்தான். பழைய ஓலை மடிந்தும் நூல் வாழ்ந்தது. பொருளைக் காத்தலும் பொருளின் வழி வந்ததைக் காத்தலும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் பெரிய சான்று தேவையில்லை.

ஆண்டுக்கொருமுறை வெளிவரும் பொருள்கள்

காட்சியே கடமையாகவும் அமையக்கூடும் என்பதற்கு ஆரியசாலையே சான்று தருகிறது. ஆண்டுதோறும் நவராத்திரிக்காகக் குமரி மாவட்டத்தின் பத்மநாபபுரத்திலிருந்து தேவாரக்கட்டு சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்திற்கு ஊர்வலமாக எழுந்தருளுகின்றனர். சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், முன்னுதித்த நங்கை செந்திட்டையிலும், குமாரசுவாமி ஆரியசாலைக் கோயிலிலும் தங்குவது மரபு. தேவாரக்கட்டு சரசுவதியின் திருமேனி கம்பர் வழிபட்டுச் சேர மன்னரிடம் ஒப்படைத்தது என்னும் வழக்காறு இன்றும் வழங்குகிறது. வரலாற்றாசிரியர் அதனை எவ்வாறு மதிப்பிடினும், ஒருவர் விட்டுச்சென்றதை மற்றவர் தொடர்ந்து வழிபட ஏற்றுக்கொண்டார் என்பதே அவ்வழக்காற்றின் உட்கிடை.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறியது. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு எல்லைக்குள் நின்றபோதும் கேரள அரசின் பொறுப்பில் அருங்காட்சியகமாகத் தொடர்கிறது. கட்டணம் செலுத்திக் காணப்படும் அவ்வரண்மனையின் உப்பரிகை மாளிகையிலிருந்து ஆண்டுக்கொருமுறை உடைவாள் ஒன்று எடுத்துக் கொடுக்கப்படுகிறது. அது ஊர்வலத்திற்கு முன்னே செல்கிறது. அருங்காட்சியகத்தின் ஏனைய பொருள்களிலிருந்து அவ்வாள் வேறுபடுவது தொன்மையினால் அன்று. அதற்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. அதனைக் கொடுக்கவும் வாங்கவும் உடன்செல்லவும் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கவைத்து வரவேற்கவும் மனிதர்கள் தேவைப்படுகின்றனர். அரசு மறைந்தது, தலைநகர் மாறியது, மாநில எல்லை குறுக்கே விழுந்தது. கோரிக்கை மட்டும் அறவில்லை.

அதே ஒன்பது நாள்களில் ஆரியசாலையைச் சுற்றியுள்ள தமிழ் இல்லங்கள் பலவற்றில் கொலு வைக்கப்படுகிறது. கொலு முழுமையாகக் காட்சியே. ஆயினும் கண்ணாடி அலமாரியின் காட்சியினின்று அது பலவகையில் வேறுபட்டது. தாய் தந்த மரப்பாச்சியையும், மாமியார் சேர்த்த மண்பொம்மைகளையும் பெட்டியிலிருந்து எடுத்து, வைக்கோலும் பழந்துணியும் நீக்கி, உடைந்ததை ஒட்டி, படிகட்டி அடுக்க வேண்டும். அடுக்கியபின் அண்டை அயலாரை அழைக்க வேண்டும். வந்தவர்க்குச் சுண்டலும் தாம்பூலமும் கொடுக்க வேண்டும். விசயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் அனைத்தையும் மீண்டும் பெட்டியில் இட வேண்டும். பார்ப்பதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கிறது. முந்நூற்றைம்பது நாள்கள் காணாமல் இருப்பதனாலேயே ஒன்பது நாள்கள் காண முடிகிறது. அலமாரியில் எப்போதும் இருக்கும் பொருளை வீட்டார் சில மாதங்களுக்குப்பின் காண்பதே இல்லை என்பது எவர்க்கும் அனுபவம். இங்கும் சுண்டல் வேகவைப்பவர் பெண்ணே என்னும் மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பு. மரபின் கோரிக்கையை வீட்டிலுள்ள அனைவரும் பங்கிட்டுக்கொள்ளாதவரை அதன் அறம் அரைகுறையானதே.

விருந்துக்குச் சென்ற வாள்

எஞ்சியிருப்பது கொடுத்தல். பாகப்பிரிவினையில் நிலத்தைக் கோல்கொண்டு அளக்கலாம். ஒரு கூஜாவைப் பகுக்க இயலாது. உடன்பிறந்தார் பேச்சற்றுப்போவது பெரும்பாலும் இத்தகைய சிறுபொருளின் பொருட்டே என்பதை நாஞ்சில் வட்டாரத்து முதியோர் எவரும் ஒப்புவர். ஒவ்வொருவரும் தாயின் நினைவைக் கோருவதாகச் சொல்லிக்கொண்டு தாயின் மற்றப் பிள்ளைகளை இழக்கின்றனர்.

புறநானூற்றின் 316ஆம் பாடல் வேறொரு மனையைக் காட்டுகிறது. மதுரைக் கள்ளிற் கடையத்தன் வெண்ணாகனார் பாடிய அப்பாடலின் தலைவன், தூய்மை செய்யப்படாத முற்றத்தில் கள்ளின் மயக்கத்தோடு உறங்குகின்றான். நேற்று வந்த விருந்தினர்க்காகத் தன் பழைய வாளைப் பணயம் வைத்துவிட்டான் என்று அவனுடைய பாணன் கூறுகிறான்; இன்றைக்குப் பாணனுடைய சீறியாழ் பணயப்பொருள். வாளுக்கு அவ்வீட்டில் பீலி இல்லை, மாலை இல்லை, இப்போது வாளே இல்லை. திருக்குறள் ‘நன்றியில் செல்வம்’ என்று ஓர் அதிகாரமே வகுத்துப் பழித்த முடங்கிய பொருளுக்கு முற்றிலும் எதிரான நிலை இது. அத்தலைவனை மரபைத் தொலைத்தவன் என்பதா, மரபைச் செலுத்தியவன் என்பதா? கோவலனும் முன்னோர் தேடியதை இழந்தவனே. ஆனால் அவ்விழப்பு அவனுக்கு நாணமாயிற்று. ஒரே செயல் ஒருவனுக்கு இழிவாகவும் மற்றவனுக்குப் புகழாகவும் ஆவதற்குக் காரணம் பொருள் எவருக்காகக் கைவிட்டுப் போயிற்று என்பதில் இருக்கிறது. வறியவனின் விருந்தைப் புகழ்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. அடகு வைக்கும் நிலைக்கு ஒருவனைத் தள்ளிய வறுமையைப் பாணன் பாராட்டவில்லை. ‘அவன் எங்கள் தலைவன்’ என்ற உறவை மட்டுமே பாராட்டுகிறான்.

பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கத்தையும் இவ்வொளியில் மீண்டும் நோக்க வேண்டும். வீட்டிலேயே இருக்கும் பாத்திரத்திற்குப் பெயர் எதற்கு? அண்டை வீட்டுத் திருமணத்திற்கும் சடங்குக்கும் இழவுக்கும் அண்டாவும் குடமும் தாம்பாளமும் இரவலாகச் சென்றன. பல வீட்டுப் பாத்திரங்கள் ஒரே கிணற்றடியில் தேய்க்கப்பட்டன. திரும்பிவரும்போது மாறிவிடாதிருக்கப் பெயர் வெட்டப்பட்டது. பாத்திரம் வெளியே செல்லும் என்று எண்ணியவரே அவ்வெழுத்துகளை வெட்டச் செய்தனர். கோயிலுக்குக் கொடுத்த விளக்கில் ‘உபயம்’ என்று வெட்டுவதும் பொருள் தம் வீட்டில் இல்லை என்பதன் அறிவிப்பே. இன்று பாத்திரக்கடையில் மின்னூசி கொண்டு ‘நினைவாக’ என்னும் சொல்லோடு பெயரும் நாளும் பொறித்துத் தருகின்றனர். வாங்கிச் சென்றவர் அதனை அலமாரியில் வைக்கிறார். அங்கு, மற்றொரு தட்டில், பாட்டியின் பெயர் வெட்டிய குடம் இரவல் கேட்பார் எவருமின்றி இருக்கிறது.